மகள் மீது எழுதிய ஏழு வரிகள்

1

பெருநாள் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று ஊர் நண்பர்கள் இம்முறையும் கேட்டிருந்தார்கள். சென்ற ஆண்டுகளில் பனியைப் பற்றியும், இங்கு ரொட்டிக்கடைகளில் பேசப்படும் தமிழைப் பற்றியும் எழுதி அனுப்பினேன். குடவாசல் பக்கத்து வயற்காட்டில் வளர்ந்தவன் இங்கிலாந்தின் மழையைக் குறைகூறுவதைப் படிக்க உங்களுக்குச் சுவையாகத்தான் இருந்திருக்கும். இவ்வாண்டு அப்படி எழுத வரவில்லை. இந்த நாட்டில் நான் காலடி வைத்துப் பதினோராண்டு நிறைந்த அதே வாரத்தில் என் மகள் நஜ்மா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். நான் எழுதிக் கொடுத்த ஏழு வரிகளே அதற்குக் காரணம். அவற்றை விட்டுவிட்டு வேறெதை எழுதினாலும் பொய்யாகும்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுபத்து நான்கு வயது. ஊரில் இருந்தபோது இருபதாண்டுகள் நம் ஜமாஅத்தின் செயலாளராக இருந்தேன். மனைவி மறைந்தபின் ஒரே மகளின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவள் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். மருமகனுக்கு வடகடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை. மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அவர்களுக்குப் பள்ளியில் படிக்கும் ஒரு மகள் உண்டு. எங்கள் பள்ளிவாசல், ஒரு காலத்தில் சிறுவர் பள்ளிக்கூடமாக இருந்த செங்கல் கட்டடம். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்து மக்கள் சேர்ந்து வாங்கியது. பாத்திஹாக்களிலும் ரமலான் இரவுகளிலும் நம் முன்னோரின் முனாஜாத்துகளையும், அதாவது இறைவேண்டல் பாடல்களையும், கண்ணிகளையும் அங்கே பாடுவது என் பொறுப்பு. இளையவர்கள் மரியாதையோடு உட்கார்ந்திருப்பார்கள், பொருள் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வராது. வந்த புதிதில், அலுவலகமொன்றில் என் தொழிலைக் கேட்ட பெண்மணியிடம், இறைவனைப் பாடுவது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் இசைக்கலைஞர் என்று பதிந்துகொண்டார். இந்த அரசின் ஏட்டில் இன்றைக்கும் நான் இசைக்கலைஞன்தான். திருத்தச் சென்றால் இன்னும் நான்கு படிவங்கள் நிரப்ப வேண்டுமென்று மகள் சொன்னதால் விட்டுவிட்டேன்.

2

பள்ளிவாசலின் மேல்மாடி அறையில் சனிக்கிழமை தோறும் நஜ்மா பெண்களுக்கு ஒரு வகுப்பு நடத்திவந்தாள். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். என்ன படிக்கிறார்கள் என்று ஓராண்டாக யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. நகராட்சியிலிருந்து ஒரு படிவம் வந்ததும் எல்லாருக்கும் அக்கறை பிறந்துவிட்டது. பொதுமக்கள் கூடும் இடங்களில் என்ன கற்பிக்கப்படுகிறது, கற்பிப்பவர் யார், எந்த மொழியில் என்று அதில் கேட்டிருந்தார்கள்.

பள்ளிவாசல் செயலாளர் ஹாஜா, பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். நாகப்பட்டினத்துக்காரர், அண்ணன் என்ற முறையில் என்னை நானா என்று அழைப்பார். நண்பகல் லுஹர் தொழுதுவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது என்னை ஓரமாக அழைத்தார்.

"நானா, மேல்மாடில இஸ்லாமிய ஆட்சின்னு என்னமோ படிக்கிறாங்களாம். என் மருமவ சொன்னா."

"என் மகதானே நடத்துது. அதுகிட்டயே கேளுங்களேன்."

"கேட்டா நமக்குப் புரியிற மாதிரியா சொல்லும்? அரை மணி நேரம் பேசும், நாம தலைய ஆட்டிட்டு வரணும். கமிட்டில என்ன பேசிக்கிட்டோம்னா, நீங்க ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு நாலு வரி எழுதிக் குடுத்துடுங்க. வெளியாளு எழுதினா வம்பு. பெத்த அத்தாவே எழுதினா யாரு என்ன சொல்ல முடியும்?"

"எதுக்கு இம்புட்டுப் பயம்?"

"பயம் இல்ல நானா, ஜாக்கிரதை. இந்த ஊர்ல ஆட்சிங்கிற வார்த்தைய நம்மாளு சொன்னா வேற அர்த்தம்."

எனக்கு அவர்மீதும் ஐயம் வந்தது, படிவத்தின்மீதும் ஐயம் வந்தது. கற்பிப்பதை அறிய விரும்புகிறவன் வகுப்புக்கு வந்து உட்காரலாம்; படிவம் அனுப்புகிறவன் வேறு எதையோ தேடுகிறான். அதே சமயம், மகள்மீதும் ஒரு சிறு ஐயம் நெஞ்சுக்குள் நுழைந்துவிட்டதை மறைக்க மாட்டேன்.

3

அன்று மாலை அவள் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, தற்செயலாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"சனிக்கிழமை என்னம்மா படிக்கிறீங்க?"

அவள் சிரித்தாள். "ஹாஜா மாமா கேட்கச் சொன்னாரா?"

"நானேதான் கேக்குறேன்."

"ஆட்சி யாருக்குச் சொந்தம்னு படிக்கிறோம் அத்தா. எல்லாரும் அல்லாஹ்வுக்குன்னு சொல்லிடுறாங்க. அவன் இறங்கி வந்து நாற்காலில உட்காரப் போறதில்ல. அப்ப யாரு உட்கார்றா? அவர உட்கார வச்சது யாரு? எந்திரிங்கன்னு சொல்ல யாருக்கு உரிமை? ஆயிரத்து நானூறு வருஷமா இதத்தானே சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க."

பிறகு கீரையை மறந்துவிட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். நபிகளுக்குப் பின் ஆட்சிப் பொறுப்பேற்ற முதல் கலீஃபாவைக் கலந்து பேசித்தான் தேர்ந்தெடுத்தார்கள். கைப்பிடித்து வாக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பைஅத் என்று பெயர். கொடுத்த கையைத் திரும்ப எடுக்கலாமா என்ற கேள்வியில் அறிஞர்கள் பிரிந்தார்கள். குழப்பத்தைவிடக் கொடுங்கோலன் மேல் என்றார்கள் ஒரு சாரார். அநீதிக்குக் கீழ்ப்படிதல் இல்லை என்றார்கள் மற்றவர்கள். வெள்ளையர் ஆட்சிக் காலத்திலும் அதற்குப் பின்னும் எழுந்த இயக்கங்கள், அரசு இல்லாமல் மார்க்கம் முழுமையாகாது என்றன. நபிகள் அரசு அமைக்க வரவேயில்லை, தூது சொல்ல வந்தார்கள் என்று எழுதியவர்களும் உண்டு. அதற்காக வேலையிழந்தவர்களும் உண்டு.

"நீ எந்தப் பக்கம்?" என்றேன்.

"நான் கேள்வி கேக்குற பக்கம்."

"இதெல்லாம் பொம்பளைங்க உக்காந்து பேசுற பேச்சா?"

"ஏன், நம்ம ஊர் ஜமாஅத்துல ஆம்பளைங்க உக்காந்து பேசினது மட்டும் ரொம்ப நல்லா முடிஞ்சுதா? ஜக்கரியா அண்ணனக் கேட்டா சொல்வாரு."

நான் எழுந்து கூடத்துக்குப் போய்விட்டேன்.

4

ஜக்கரியாவை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். வளைகுடாவிலிருந்து திரும்பிவந்த இளைஞர். நபிகளின் புகழ்பாடும் மௌலிது ஓதும்போது எழுந்து நிற்க மறுத்தார். அதிகாரம் இறைவனுக்கு மட்டுமே, ஜமாஅத்துக்குத் தலைவணங்க வேண்டியதில்லை என்று பள்ளிவாசலிலேயே சொன்னார். நாங்கள் கூடி அவரை ஊர்விலக்கு வைத்தோம். சில மாதங்களில் அவருடைய தங்கையின் நிக்காஹ் வந்தது. திருமணப் பதிவேடான தஃப்தர் என் பொறுப்பில் இருந்தது. கொடுக்கக் கூடாது என்பது முடிவு. பூட்டிய அலமாரியின் சாவி என் இடுப்பில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். மணப்பெண்ணை வேனில் ஏற்றிக்கொண்டு வேற்றூர்ப் பள்ளிவாசலுக்குப் போய் நிக்காஹ் செய்தார்கள்.

போகுமுன் ஜக்கரியா என் வீட்டு வாசலில் நின்று சொன்னார்: "நீங்களும் ஆட்சிதான் நடத்துறீங்க, மாமு. பேர மட்டும் ஜமாஅத்துன்னு வச்சிருக்கீங்க."

நஜ்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள் என்பது எனக்கு இத்தனை காலம் தெரியாது.

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் தலைமுறைக்கு அரசு என்றால் தாசில்தார், ஜமாபந்தி, வாய்க்காலின் தலைப்பில் ஷட்டரைத் தூக்கிவிடும் பொதுப்பணித் துறை லஸ்கர். எங்கள் நிலம் கடைமடை. லஸ்கர் மனம் வைத்தால் நாற்றங்காலுக்குத் தண்ணீர் வரும். அவரைப் பார்த்து நாங்கள் எழுந்து நின்றோம். பள்ளிவாசலுக்குள் வந்தால் அரசன் வேறு. நான் மனனம் செய்த பாடல்களில் இறைவன் மன்னன், நபிகள் வேந்தர், இறைநேசர்களான ஒலிமார்கள் அவர்களுடைய சபையில் அமைச்சர்கள். அந்த அரசவைக்கு வரி கிடையாது, காவலர் கிடையாது. கண்ணீரோடு உள்ளே போகலாம். யாரும் பெயர் கேட்பதில்லை. வெளியே ஓர் அரசு, உள்ளே ஓர் அரசு என்று இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்தோம்.

பாட்டில் இருக்கும் மன்னனைக் கைப்பிடித்து அழைத்துவந்து அலுவலகத்தில் உட்கார வைக்க விரும்புகிறவர்களை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்த்து வந்திருக்கிறேன். இறைவனின் பெயரால் போடப்படும் நாற்காலியில் இறைவன் உட்கார்வதில்லை என்று என் மகள் சொன்னது எனக்கும் உடன்பாடே. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். ஜக்கரியாவின் பெயர் குறுக்கே வந்து நின்றுவிட்டது. என்னைக் குத்திக்காட்டியவள் வேறெதையோ மறைக்கிறாள் என்று என் மனம் கணக்குப் போட்டது.

5

அந்தச் சனிக்கிழமை மேல்மாடிக்கு ஏறினேன். பெண்கள் வகுப்பு என்பதால் உள்ளே போக முடியாது. அறைக்கதவின் மேற்பகுதியில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. நடைகூடத்தில் நின்று அதன் வழியே பார்த்தேன்.

பலகையில் அரபி எழுத்தில் பைஅத் என்று பெரிதாக எழுதியிருந்தது. அதன் கீழே பெண்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்றார்கள். அவர்கள் நடுவே ஒரு நீண்ட வெள்ளைத் துணி. ஒவ்வொருவரும் அதன் ஓரத்தைப் பிடித்திருந்தார்கள். தலைமாட்டில் துணியின் நுனியைப் பிடித்தபடி நஜ்மா நின்றாள். அவள் மெல்ல ஏதோ சொன்னாள். மற்றவர்கள் உதடு அசைந்தது. இரண்டு பேர் அழுதுகொண்டிருந்தார்கள்.

கண்ணாடியை விட்டு விலகிச் சுவரோரம் நின்றேன்.

பைஅத் கொடுப்பதை நான் அறிவேன். இருபத்தைந்தாம் வயதில் எங்கள் ஞானகுருவான ஷைகு ஊருக்கு வந்தபோது, அவர் கையில் என் கையை வைத்து வாக்குக் கொடுத்தேன். பெண்கள் திரைக்கு அப்பால் இருந்தார்கள். அந்நியப் பெண்ணின் கையைத் தொடக் கூடாது என்பதால், ஷைகு தம் தலைப்பாகைத் துணியின் ஒரு முனையைத் தாம் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் திரைக்கு உள்ளே விட்டார். பெண்கள் வரிசையாக அதைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதைத் திரும்பச் சொன்னார்கள். அவர்களில் என் மனைவியும் ஒருத்தி. அந்த வாக்கு, பாவத்தை விடுவதற்கும் இறைவனை நினைப்பதற்கும் மட்டும். மேல்மாடியில் என் மகள் கையில் இருந்த துணி எதற்கு? ஆட்சியைப் பற்றிப் படிப்பவர்கள் யாருக்கு வாக்குக் கொடுக்கிறார்கள்? எந்தத் தலைவனுக்கு, எந்த நாட்டில் இருப்பவனுக்கு?

கதவைத் தட்டியிருக்கலாம். தட்டினால் கதவு திறந்திருக்கும். கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும். பதிலை நம்புவேனா என்று எனக்கே ஐயமாக இருந்ததால் தட்டவில்லை.

கீழே வந்து, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூச் செய்யுமிடத்துக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து எழுதினேன். வாரந்தோறும் கூடுகிறார்கள் என்பது முதல் வரி. ஆட்சி அதிகாரம் பற்றிப் படிக்கிறார்கள் என்பது இரண்டாவது. பலகையில் பைஅத் என்று எழுதியிருந்தது மூன்றாவது. துணியைப் பிடித்து நின்றது நான்காவது. வாக்குக் கொடுப்பதாகவே தோன்றுகிறது என்பது ஐந்தாவது. யாருக்கு என்று தெரியவில்லை என்பது ஆறாவது. ஏழாவது வரி என் பெயரும், அவள் தந்தை என்ற குறிப்பும். ஜமாஅத் தீர்மானம் எழுதிப் பழகிய கை. அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது.

ஹாஜா படித்துவிட்டுத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அல்லாஹ் நமக்கு இரக்கம் செய்யட்டும் நானா," என்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

6

செவ்வாய்க்கிழமை மேல்மாடி அறைக்குப் புதுப் பூட்டுப் போட்டார்கள். வியாழக்கிழமை வேலை முடிந்து வந்த நஜ்மா மேலங்கியைக் கழற்றாமலே என் எதிரில் நின்றாள். கையில் என் தாளின் நகல் இருந்தது.

"இது உங்க எழுத்துத்தானே அத்தா?"

"ஆமா."

"துணி எதுக்குன்னு தெரியுமா?"

நான் நகலில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தேன்.

"முதியோர் இல்லத்துல மரியம் பீவின்னு ஒரு அம்மா மௌத்தாயிட்டாங்க. வகுப்பு நடக்குறப்பதான் போன் வந்துது. சொந்தம்னு ஒருத்தரும் இல்ல. உடம்பக் குளிப்பாட்டி அனுப்புறது நாங்கதான். பாடத்த நிறுத்திட்டு, மௌத்தானவங்களச் சுத்துற கஃபன் துணிய அளந்து கிழிச்சுக்கிட்டிருந்தோம். நாலு பேருக்கு அதுதான் முதல் தடவ. பயந்துட்டாங்க. அதான் துஆ ஓதிக்கிட்டே செய்யச் சொன்னேன்."

"பலகையில..."

"அது அன்னிக்கிப் பாடம். அழிக்க நேரமில்ல." தாளை மடித்தாள். "திங்கக்கிழமை ஜனாஸாத் தொழுகையில நீங்க முதல் வரிசைல நின்னீங்க. அந்தத் துணி உங்க முன்னாடி பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு."

உண்மைதான். நான் நின்றேன். அந்த அம்மையாருக்காக மனமுருகி துஆவும் கேட்டேன்.

"ஜக்கரியா அண்ணன் விஷயத்துலயாவது உங்களுக்குக் கோபம் இருந்துச்சு," என்றாள். "என் மேல என்ன இருந்துச்சு?"

மேலங்கியுடனேயே மாடிக்குப் போனாள். அதற்குப் பின் மூன்று வாரம், சாப்பாடு மேசையில் இருந்தது, மாத்திரை டப்பாவில் நாள்வாரியாக இருந்தது, பேச்சு மட்டும் இல்லை. பேத்தி எங்கள் இருவருக்கும் நடுவில் ஆங்கிலத்தில் செய்தி கொண்டுபோனாள்.

7

மறுநாளே ஹாஜாவிடம் போனேன். நான் கண்டது தவறு, அது கஃபன் துணி, முந்தைய கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"நானா, கோவிச்சுக்காதீங்க. இத எப்புடி கமிட்டில வைக்கிறது?"

"மரியம் பீவிய நீங்களும்தானே அடக்கம் பண்ணினீங்க?"

"பண்ணினோம். துணியும் உண்மைதான். அந்தத் துணிதானா இந்தத் துணின்னு கேப்பாங்கல்ல? முதல்ல எழுதினப்ப, பெத்த மக மேலயே எழுதுறாரே, பொய்யா இருக்குமான்னு எல்லாரும் நம்பினாங்க. இப்ப மகளுக்காக எழுதுறீங்க. அத்தா எழுதினா உண்மையா இருக்குமாங்கிறாங்க."

"நான் அதே ஆள்தானே, ஹாஜா."

"அதான் கஷ்டம்."

"நகராட்சி ஃபாரத்துல என்ன எழுதுனீங்க?"

"மேல்மாடில வகுப்பு எதுவும் நடக்கலன்னு எழுதிப் போட்டாச்சு. இப்ப நடக்கலதானே?" அவர் குரலில் குற்றவுணர்வு இருந்தது. என் இரு கடிதங்களையும் ஒரே கோப்பில் சேர்த்து வைத்தார். இருபதாண்டுகள் நானும் இப்படித்தான் வைத்தேன். பதிவேட்டில் ஏறியதை யாரும் அழிப்பதில்லை. அடுத்த தாளைச் சேர்ப்பார்கள், அவ்வளவுதான். ஜக்கரியாவின் பெயருள்ள பக்கம் நம் பள்ளிவாசல் அலமாரியில் இன்றும் இருக்கும். அதில் இருப்பது என் கையெழுத்து. அவர் இன்னும் ஊரில் இருந்தால் இந்த மலரை அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

இறையாட்சியைப் பேசும் இயக்கங்களை இன்றும் நான் நம்பவில்லை. நஜ்மாவின் வகுப்பில் அரசு கடமை என்று வாதிடும் ஒரு பெண் இருப்பதாகக் கேள்வி. அவள்மீது எனக்கு ஐயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கலீஃபாவும் இல்லாமல், காவலரும் இல்லாமல், ஒரு பூட்டும் ஒரு தாளும் கொண்டு எவ்வளவு ஆட்சி நடத்த முடியும் என்பதை அந்தப் பெண்ணைவிட நான் நன்றாக அறிவேன்.

வகுப்பு இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. நஜ்மா எனக்கு ஒரு நிபந்தனை வைத்தாள். மூன்று வாரத்துக்குப் பின் என்னிடம் அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தைகள் அவை: "சனிக்கிழமை மூணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் நீங்க வீட்ல இருக்க வேணாம்."

சரி என்றேன். சனிக்கிழமைகளில் மேலங்கியை மாட்டிக்கொண்டு பூங்காவுக்கோ நூலகத்துக்கோ போய்விடுவேன். வாசலில் எதிர்ப்படும் பெண்கள் ஸலாம் சொல்வார்கள், ஒதுங்கி வழிவிடுவார்கள். நான் தெருத் திரும்பிய பிறகுதான் கதவு சாத்தப்படும் ஓசை கேட்கும்.

சென்ற வாரம் காற்றோடு மழை. வாசலில் குடையை விரித்துக்கொண்டிருந்தேன்.

"இந்த மழைல எங்க போறீங்க?" என்றாள் பின்னாலிருந்து. தெருவை எட்டிப் பார்த்தாள். "உள்ள இருங்க. மாடில, உங்க ரூம்ல."

"கதவச் சாத்திக்கிறேன்."

"சாத்திக்கோங்க."

அறையில் உட்கார்ந்தேன். இந்த வீட்டின் தளங்கள் மரப்பலகை. கீழே ஸ்பூன் விழுந்தால் மேலே கேட்கும். பெண்களின் குரல்கள் மேலேறி வந்தன. ஒருத்தி கோபமாக ஏதோ கேட்டாள். நஜ்மா பதில் சொன்னாள். கலீஃபா என்ற சொல் ஒருமுறை தெளிவாகக் கேட்டது. என் காது தானாகக் கூர்மையாயிற்று. அதை உணர்ந்த அந்தக் கணத்தில் நான் வாய்விட்டுப் பாடத் தொடங்கினேன். அரசனே என்று இறைவனை அழைக்கும் நீண்ட முனாஜாத்து; நூறு கண்ணிகள் மனப்பாடம். கீழே இருப்பவர்களுக்கு நான் பாடுவது கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை என்பதும் அதனால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டு மணி நேரம் பாட வேண்டும். எனக்கு வயதாகிவிட்டது, ஒவ்வொரு கண்ணியின் இறுதியிலும் மூச்சு வாங்க நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில் கீழிருந்து ஒரு சொல்லாவது வந்துவிடுகிறது. இடைவெளியைக் குறைத்துப் பாடப் பழகிக்கொண்டிருக்கிறேன்.